மணிக்கூண்டு வலது கைப்பக்கம்

இது பொறாமையைப் பற்றிய கதை. கேட்கும்போது யாரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவரவர் மடியைப் பார்த்துக்கொண்டு கேளுங்கள், கண்ணுகளா.

ஒரு வீட்டில் ஒரு மாமியார், இரண்டு மருமகள்கள். மூத்தவள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மாதிரிப்பெட்டி வெட்டுகிறவள். சோப்புக்கோ செருப்புக்கோ யாராவது புதுப்பெட்டி கேட்டால், ஆயிரக்கணக்கில் மெஷினில் போடுவதற்கு முன்னால் முதல் பெட்டியைக் கையால் வெட்டி, மடித்து, நிறுத்திக் காட்டுவது அவள் வேலை. அட்டையைக் கண்ணால் பார்த்தே கனம் சொல்லிவிடுவாள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'பெட்டி'. இளையவள் பல் டாக்டரிடம் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். கன்னம் வீங்கி வருகிறவனைக்கூடச் சிரிக்க வைத்து, அவன் வலியில் 'ஐயோ' என்று கத்த, அதற்கும் சேர்ந்து சிரிப்பாள். மாமியார் அவளுக்கு வைத்த பெயர் 'கிலுகிலுப்பை'.

மாமியார் ஆற்றங்கரைத் தேவாலயத்தை இருபத்திரண்டு வருடம் கூட்டிப் பெருக்கியவர். முந்நூறு வருடக் கட்டடம் அது. ஆறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றுகொண்டே வந்து, ஒரு மழைக்காலத்துச் செவ்வாய்க்கிழமை காலை, மணிக்கூண்டோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டது. உள்ளே யாரும் இல்லை. மாமியார் கூட்டி முடித்துப் பூட்டிவிட்டு வந்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஊரே அழுதது. மாமியார் அழவில்லை. "விழுறதுதான் விழுந்துச்சு, நான் கூட்டுறதுக்கு முன்னாடி விழுந்திருக்கக் கூடாதா?" என்றார். இருபது வருடமாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். மருமகள்கள் இருவரும் அதற்குப் பிறகு வந்தவர்கள். தேவாலயத்தை அவர்கள் பார்த்ததில்லை. வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. கூட்டுகிறவளை யார் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. ஊரின் பழைய காலத்துக்கென்று நூலகத்தில் ஓர் அறை திறக்கிறார்களாம். அதற்காகத் தேவாலயத்தைக் காகிதத்தில் செய்துபார்க்க வெட்டுத்தாள் அச்சடித்திருந்தார்கள். 'முதல்முறை செய்பவர்களுக்கு' என்று மேலே போட்டிருந்தது. உள்ளே கெட்டி வெள்ளைத்தாள் எட்டு. நான்கு போதும், கெடுத்துவிட்டால் இருக்கட்டும் என்று இன்னொரு நான்கு. தாளில் கல்லும் இல்லை, வண்ணமும் இல்லை. வெட்டவும் மடிக்கவும் மெல்லிய சாம்பல் கோடுகள், துண்டுக்குத் துண்டு எண், அவ்வளவுதான். செய்முறை அச்சடித்த தாள் மட்டும் ஒன்றே ஒன்று. தேவாலயத்தின் படமும் அதில்தான் இருந்தது.

கூடவே ஒரு கடிதம். அங்கே வேலை பார்த்தவர்களில் இப்போது இருப்பது நீங்கள் ஒருவர்தான். இதைச் செய்து சனிக்கிழமை கொண்டுவந்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்போம், செய்தவர் பெயரையும் எழுதி வைப்போம் என்று நூலகர் எழுதியிருந்தார்.

மாமியார் தன் விரல்களைக் காட்டினார். "துடைப்பம் புடிச்சுப் புடிச்சு வளைஞ்சு போச்சு. இதுல கத்தரியெல்லாம் நிக்காது. ஆளுக்கு நாலு தாளு. ரெண்டு பேரும் செய்ங்க. எது என் சர்ச்சோ அதை நான் எடுத்துட்டுப் போறேன்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பெட்டிக்கு அது சாதாரணமில்லை.

ஏன் என்று கேளுங்கள். அவள் அந்த வீட்டுக்கு வந்து பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருடத்தில் மாமியார் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று ஒரு வார்த்தை அவளுக்கு வந்ததில்லை. சரியாகச் செய்தால் பேசாமல் இருப்பார். தப்பாகச் செய்தால் பேசுவார். அவள் பெரும்பாலும் சரியாகவே செய்ததால், அந்த வீட்டில் அவள் காதில் விழுந்ததெல்லாம் மௌனம்தான். கிலுகிலுப்பை வந்து நான்கு வருடம். வந்த வாரமே ஜாடியை உடைத்தாள். மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் சின்ன மருமகள் உடைத்தாலும் மண்குடம்தான். பொன்குடமெல்லாம் மூத்தவள் கணக்கில். அந்த ஜாடி உடைந்த நாளிலிருந்து பெட்டியின் வயிற்றில் ஓர் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

இப்போது வந்திருப்பதோ காகிதவேலை. வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது. கடவுளே இறங்கிவந்து அவளுக்காக அனுப்பிய உறை மாதிரி இருந்தது.

கிலுகிலுப்பை செய்முறைத் தாளைக் கையில் எடுத்து, "அக்கா, இது ஒண்ணுதான் இருக்கு. நீங்க படிச்சிட்டுக் கொடுங்க, நான் அப்புறம் பார்த்துக்கிறேன்" என்றாள்.

பெட்டி அதைத் தொடக்கூட இல்லை. "எனக்கெதுக்கும்மா? மேல என்ன போட்டிருக்கு பாரு, முதல்முறை செய்றவங்களுக்குன்னு. நான் என்ன முதல்முறையா செய்றேன்? நீயே வச்சுக்க. பத்திரமா வச்சுக்க, நடுவுல அடிக்கடி தேவைப்படும்."

மாமியார் காதில் விழட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னாள். மாமியார் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் பெட்டி குப்பைக்கூடையைக் காலிசெய்யப் போனாள். கூடைக்குள் சின்னச் சின்னதாக வெள்ளைத் துண்டுகள், நகம் வெட்டிப் போட்ட மாதிரி. ஒன்றை எடுத்துப் பார்த்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு புரிந்தது.

காகிதவேலையில் ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் சின்னதாக ஒரு நாக்கு விட்டு வைப்பார்கள். அதில்தான் பசை தடவி அடுத்த துண்டோடு ஒட்ட வேண்டும். கிலுகிலுப்பை அவ்வளவு நாக்கையும் அழகாக, ஒன்றுவிடாமல் கத்தரித்துப் போட்டிருந்தாள். நாக்கில்லாத சுவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதித் தாள் இன்னும் வெட்டாமல் கிடந்தது. பெட்டி துண்டுகளை மேல் குப்பையோடு கலந்து, பையை இறுக்கி முடிச்சுப் போட்டு, தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள்.

பிறகு தன் அறைக்குப் போய் வேலையில் உட்கார்ந்தாள். என்ன வேலை தெரியுமா அது! மடிப்புக் கோட்டில் மழுங்கிய தகட்டை ஒரே ஓட்டமாக ஓட்டினாள். ஒரு சன்னலின் அகலம் கடுகளவுதான். அதன் வளைவைக்கூடப் பிசிறில்லாமல் வெட்டினாள். பெட்டித் தொழிற்சாலையில் ஒரு சட்டம் உண்டு. கோடும் எண்ணும் உள்ளே போக வேண்டும். வாங்குகிறவன் கண்ணில் ஒரு கோடு படக்கூடாது. அதற்குத் தோதாகவே அங்கே பெட்டியை உள்பக்கமிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து வைப்பார்கள். இருபது வருடம் அப்படியே மடித்த கை அது. யோசிக்கவே இல்லை. கோடு போட்ட பக்கத்தை உள்ளே விட்டு மடித்தாள். சுவர் எழும்பியது. வெளியே பால் மாதிரி வெள்ளை. ஒரு புள்ளி இல்லை.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்தாள். அவள் கணவன் மட்டும் உள்ளே வந்து பார்த்தான். "அப்படியே சோப்பு டப்பா மாதிரி சுத்தமா இருக்கு" என்றான். அவன் பாராட்டினானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

வியாழக்கிழமை எல்லாரும் வேலையிலிருந்து வந்ததும் கூடத்து மேசையில் இரண்டையும் வைத்தார்கள். பெட்டி தன்னுடையதை வெள்ளைத் துணியால் மூடி எடுத்துவந்து, துணியை மெதுவாக எடுத்தாள். பக்கத்தில் கிலுகிலுப்பையினுடையது நின்றது. நின்றது என்றா சொன்னேன்? செலோடேப்பில் சாய்ந்துகொண்டிருந்தது. மூலைக்கு மூலை டேப். ஒரு சுவரில் பசை வழிந்து காய்ந்திருந்தது, அதில் ஒரு தலைமுடி. கோடெல்லாம் வெளியே, எண்ணெல்லாம் வெளியே. மணிக்கூண்டு இரண்டு கிளாஸ் போட்டவன் மாதிரி ஒருபக்கம் சரிந்து நின்றது.

"அய்யய்யோ அக்கா!" என்று கிலுகிலுப்பை பெட்டியுடையதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். "இது கடையில வாங்கினதா? என்னோடதைப் பாருங்க, பூகம்பம் வந்த மறுநாள் மாதிரி இருக்கு." அவளே சிரித்தாள்.

மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டியினுடையதைப் பார்த்தார். கூரையைத் தனியாகத் தூக்க முடியும். தூக்கி உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பழைய பல்துலக்கி எடுத்துட்டு வா" என்றார்.

பெட்டி ஓடுவதற்குள் கிலுகிலுப்பை கைப்பையைத் திறந்து, உறை பிரிக்காத புதுப் பல்துலக்கி ஒன்றை நீட்டினாள். "டாக்டர் எல்லாருக்கும் இலவசமா கொடுக்கிறது அத்தை." ஒரு பல்துலக்கியில்கூட முந்திக்கொண்டாளே என்று பெட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாமியார் அதை வளைந்த விரல்களில் துடைப்பம் மாதிரிப் பிடித்தார். கூட்ட ஆரம்பித்தார். ஆமாம், காகிதத் தேவாலயத்தை! பீடத்தின் பக்கத்தில் தொடங்கி, இரண்டு ஓரமும் தள்ளி, நடுவழியாக வாசலைப் பார்க்க வந்தார். கண்ணை அரைவாசி மூடியிருந்தார். கைதான் வேலை செய்தது. வாசல்வரை வந்ததும் கை தானாக வலதுபக்கம் திரும்பியது.

திரும்பிய கை சுவரில் இடித்தது.

இன்னொரு தடவை பீடத்திலிருந்து வந்தார். வாசல். வலது. சுவர்.

"மணிக்கூண்டு எங்கடி?"

"இதோ அத்தை, இந்தப் பக்கம்" என்று பெட்டி காட்டினாள். இடது கைப்பக்கம்.

மாமியார் கண்ணைத் திறந்து பார்த்தார். கூரையை எடுத்து மெதுவாக, கோணாமல் மூடினார். "நல்ல பெட்டி" என்றார்.

கேட்டீர்களா? பதினெட்டு வருடத்தில் முதல் 'நல்ல'. அது இப்படியா வந்து சேர வேண்டும்! பெட்டியின் முகத்தில் ஈயாடவில்லை.

பிறகு மாமியார் சாய்ந்து நின்ற மற்றதை இழுத்தார். பல்துலக்கி பீடத்திலிருந்து வந்தது. நடுவழி. வாசல். வலது. அங்கே கத்தரி கோணலாக வெட்டிய ஒரு சின்ன வாசல் இருந்தது. பல்துலக்கி அதற்குள் புகுந்து போனது. அவ்வளவுதான், மாமியார் சிரித்தார். ஜாடி உடைந்த அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்லை இது. அடிவயிற்றிலிருந்து, சின்னப் பெண் மாதிரி ஒரு சிரிப்பு.

"இங்கதான்டி! இந்த மூலைதான்! சனியன் புடிச்ச புறாங்க, எவ்வளவு கூட்டினாலும் மறுநாள் எச்சம் போட்டு வச்சிருக்கும். ஏ, போ! போ அந்தப்பக்கம்!" பல்துலக்கியை வீசி இல்லாத புறாவை விரட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது. இருபது வருடம் வராத தண்ணீர்.

"இதான் என் சர்ச்சு" என்றார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியுது" என்றான் பெட்டியின் கணவன். அவனை யாரும் கேட்கவில்லை.

பெட்டி தன்னுடையதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். படுக்கையில் வைத்து அதைப் பார்த்தாள். ரப்பர் கையுறையைக் கழற்றும்போது உள்வெளியாகப் புரண்டுவிட்டால் வலது கையுறை இடது கையுறையாகிவிடும் அல்லவா? அதுதான் நடந்திருக்கிறது. கோட்டை உள்ளே விட்டு மடித்ததில் முழுத் தேவாலயமும் புரண்டுவிட்டது. புரிந்ததும் கோபம்தான் வந்தது, கொள்ளை கொள்ளையாக. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே நன்றாக ஆடத் தெரிந்தவளுக்கல்லவா கூடம் கோணிப்போனது!

வெள்ளிக்கிழமை பெட்டிக்கு மத்தியானம் வரைதான் வேலை. வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கிலுகிலுப்பை தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் தரை துடைக்கும் வாளி. தேவாலயத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று சன்னல் கட்டையில் வைத்துவிட்டுக் காலையில் வேலைக்குப் போயிருக்கிறாள், அவளுக்கும் அன்றைக்கு அரைநாள்தான். வெயிலில் டேப்பெல்லாம் உரிந்துவிட்டது. சுவர் ஒன்றையொன்று விட்டு, மணிக்கூண்டு சாய்ந்து, கீழே இருந்த வாளியில் எல்லாமாகப் போய் விழுந்திருந்தது. வாளிக்குள் அழுக்குத் தண்ணீரில் ஊறிய கஞ்சி மாதிரி மிதந்தது.

மாமியார் வாளியை எட்டிப் பார்த்தார். "மறுபடியும் தண்ணியிலயா போச்சு!" என்றார். சிரிக்க முயற்சி செய்தார், வரவில்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்து, "சரி, உன்னோடதையே எடுத்துட்டுப் போவோம். பார்க்கிறவங்க யாருக்குத் தெரியப் போகுது? எனக்கு மட்டும்தானே தெரியும்" என்று சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெட்டி கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அவள் வேலை கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அவள் பெயர் எழுதுவார்கள். எதிராளியினுடையது வாளியில். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் இருந்தது. அப்புறம் நேற்றைய சிரிப்பு காதில் கேட்டது. இங்கதான்டி, இந்த மூலைதான்! அந்தச் சிரிப்பு வாளியில் விழவில்லையே. அது இன்னும் கிலுகிலுப்பையினுடையதுதானே! அவள் கோணல் வாசலுக்குக் கிடைத்தது, தன் நேர்வாசலுக்குக் கிடைக்காமலே போய்விடும். நாளைக்கு ஊரே வந்து கைதட்டினாலும் மாமியாரின் கை சுவரில் இடித்துக்கொண்டேதான் இருக்கும்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், கண்ணுகளா. பச்சைப் பொறாமை.

அவள் உள்ளே போய்த் தன் தேவாலயத்தையும் மெல்லிய கத்தியையும் எடுத்துவந்து மேசையில் வைத்தாள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். பிறகு, கிலுகிலுப்பையின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

"அந்தத் தாளு உன்கிட்டதானே இருக்கு?"

"எந்தத் தாளுக்கா?"

"அதான், முதல்முறை செய்றவங்களுக்கு."

கிலுகிலுப்பை கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். முதல் வரி பெரிய எழுத்தில் இருந்தது. 'கோடும் எண்ணும் உள்ள பக்கம் வெளியே தெரியும்படி மடிக்கவும்.' பெட்டி அதை இரண்டு தடவை படித்தாள்.

"நான் நல்லா ஒட்டினேன்கா" என்றாள் கிலுகிலுப்பை மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஏன் நிக்கலன்னே புரியல."

"நாக்கையெல்லாம் வெட்டிட்டியே."

"அது வெளிய நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. டாக்டரும் இப்படித்தான், பல்லு நீட்டிக்கிட்டு இருந்தா தேய்ச்சு விட்டுடுவாரு." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும், வெட்டினது?"

பெட்டி கத்தியைத் துடைத்தாள். "குப்பைக்கூடையில பார்த்தேன்."

"எப்போ?"

"திங்கக்கிழமை."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா."

கிலுகிலுப்பை சிரிக்கவில்லை. அந்த வீட்டில் நான்கு வருடத்தில் அவள் வாயை மூடிப் பெட்டி பார்த்தது அன்றைக்குத்தான். பெட்டி, கெட்டிலின் ஆவியில் ஒரு மூலையைக் காட்டிக்கொண்டு, திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

"செவ்வாக்கிழமை உங்க ரூம் கதவு கொஞ்சம் திறந்திருந்துச்சு" என்றாள் கிலுகிலுப்பை.

பெட்டி நிமிர்ந்தாள்.

"பார்த்தேன். நீங்க கோட்டை உள்ள விட்டு மடிச்சிட்டு இருந்தீங்க. முதல் வரியே அதானே, எனக்குத் தெரியும். சொல்லலாம்னு கதவுகிட்ட வந்தேன்." அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டாள். "அப்புறம் சொல்லல."

"ஏன்?"

"நீங்க ஏன் சொல்லல?"

பெட்டியிடம் பதில் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. "உன்னைப் பார்த்தாதான் அத்தை சிரிக்கிறாங்க" என்றாள் கடைசியில்.

"என்னைப் பார்த்தா சிரிக்கிறாங்க! வீட்ல ஒரு முக்கியமான வேலைன்னா யாரைக் கூப்பிடுறாங்க? மூத்தவளைக் கூப்பிடு. பாங்குக்குப் போகணுமா, மூத்தவ. டாக்டர்கிட்ட போகணுமா, மூத்தவ. நான் வேலை பார்க்கிறதே டாக்டர்கிட்ட! அவங்களுக்குப் பல் புடுங்கினப்போ கூட வந்தது யாரு? நீங்க. நான் முன்மேசையில உக்காந்து உங்க ரெண்டு பேருக்கும் டைம் எழுதிக் கொடுத்தேன். நாலு வருஷமாச்சு, பீரோ சாவி எந்த டப்பாவுல இருக்குன்னு இன்னும் எனக்குத் தெரியாது."

பெட்டிக்கு இது புதுச் செய்தி. ஆற்றில் போகிறவளைப் பார்த்துக் கரையில் நிற்கிறவளும், கரையைப் பார்த்து ஆற்றில் போகிறவளும் பெருமூச்சு விட்ட கதைதான்.

"உப்பு டப்பா" என்றாள் பெட்டி.

"என்ன?"

"சாவி. உப்பு டப்பாவுக்கு அடியில இருக்கு."

கிலுகிலுப்பை உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு மேசைக்கு அந்தப்பக்கம் வந்து உட்கார்ந்து செய்முறைத் தாளை விரித்தாள். "எதுல ஆரம்பிக்கணும்?"

"கடைசியில இருந்து மேல படி. ஒட்டினதுக்கு எதிர்வரிசையில பிரிக்கணும்."

கண்ணுகளா, அது லேசான வேலை இல்லை. ஆவி காட்டிப் பசையை இளக்கி, கத்தியை நுழைத்து, ஒவ்வொரு நாக்காகப் பிரிக்க வேண்டும். அதைவிடக் கொடுமை மடிப்பு. கெட்டித்தாளை ஒருபக்கம் மடித்துவிட்டு, அதே கோட்டில் மறுபக்கம் மடித்தால் முறிந்துவிடும். பெட்டித் தொழிற்சாலையில் அப்படிப்பட்ட அட்டையைக் கழித்துக் கட்டிவிடுவார்கள். பெட்டி மெல்லிய தூரிகையில் தண்ணீர் தொட்டு, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே ஒரு இழை ஓட்டி, தாள் தளர்ந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டினாள். ஈரம் கூடினால் கிழியும், குறைந்தால் முறியும்.

"பதினேழு" என்றாள் கிலுகிலுப்பை. "மணிக்கூண்டின் கீழ்ச்சுவர். இதை இருபதோட சேர்க்கணும்."

"பிடி. அழுத்தாத, சும்மா பிடி."

"அழுத்தலக்கா."

"அழுத்துற. நகம் வெள்ளையாகுது பாரு."

"கண்ணா அது, பூதக்கண்ணாடியா?"

ஓர் இடத்தில் கிலுகிலுப்பை பிடித்த நாக்கு கையோடு வந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "நாக்கு வெட்டுறது உனக்குப் பொறப்புலேயே வந்தது" என்றாள் பெட்டி. சொன்ன பிறகுதான் தான் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. துண்டுக்காகிதம் ஒன்றில் புது நாக்கு வெட்டி உள்ளே ஒட்டினாள்.

வெளிச்சம் குறைவதற்குள் தேவாலயம் நின்றது. பால்வெள்ளை போய்விட்டது. சாம்பல் கோடுகளும் எண்களும் வெளியே தெரிந்தன. மூலைகளில் ஈரம் பட்டு லேசாகச் சுருங்கியிருந்தது. தொழிற்சாலையில் இப்படி ஒன்றை மேசைமேல் வைத்தால் மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார்.

பெட்டி அதை மாமியாரின் அறைக்கு எடுத்துப் போனாள். கிலுகிலுப்பை பல்துலக்கியோடு பின்னால் வந்தாள். மாமியார் எழுந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கூரையை எடுத்தார், பல்துலக்கியை வாங்கினார், கண்ணை அரைவாசி மூடினார்.

பீடம். ஓரம். நடுவழி. வாசல். கை வலதுபக்கம் திரும்பியது. பெட்டி கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். அவள் நகமும் வெள்ளையாகியிருந்தது. பல்துலக்கி எங்கும் இடிக்காமல் உள்ளே போனது. மணிக்கூண்டு மூலைவரை போய், சுற்றி, திரும்பி வாசலுக்கு வந்தது. மாமியார் முதல் நாள் மாதிரிச் சிரிக்கவில்லை. புறாவை விரட்டவில்லை. திரும்பப் பீடத்துக்குப் போய் முதலிலிருந்து கூட்டினார். விரல் நுனியால் சுருங்கின மூலையைத் தடவினார்.

"இந்த மூலையெல்லாம் இப்படித்தான் தேஞ்சிருக்கும்" என்றார் தனக்குள் சொல்வதுபோல. பிறகு தலையைத் தூக்காமலே அதட்டினார்.

"ஏண்டி, கதவைத் திறந்து போட்டுட்டு நிக்கிறீங்க? காத்து வருதுல்ல? கூட்டினது வீணாப் போயிடும்."

பெட்டி ஓடிப்போய் அறைக்கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றாள்.

மறுநாள் நூலகத்தில் நல்ல கூட்டம். தேவாலயத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நூலகர் சின்ன அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு, "செஞ்சது யாருன்னு எழுதணும்மா" என்றார்.

கிலுகிலுப்பை தரையைப் பார்த்தாள். பெட்டி கூரையைப் பார்த்தாள்.

"செஞ்சது என் மூத்த மருமக" என்றார் மாமியார். "கைன்னா அது கை."

பெட்டிக்குக் காது அடைத்துக்கொண்டது. கூரையில் பார்க்க ஒன்றுமே இல்லை, இருந்தாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மாமியார் இன்னும் முடிக்கவில்லை.

"படிச்சுச் சொன்னது சின்னவ. அதையும் எழுதுங்க. அவ இல்லேன்னா இவ எனக்கு ஒரு சோப்பு டப்பாதான் செஞ்சு கொடுத்திருப்பா."

கூட்டம் சிரித்தது. கிலுகிலுப்பை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். நூலகர் அட்டையில் இரண்டு வரி எழுதி, கண்ணாடிக்குள் சாய்த்து வைத்தார்.

எல்லாரும் அடுத்த அலமாரியைப் பார்க்க நகர்ந்தார்கள். பெட்டி மட்டும் நின்றாள். குனிந்து, கண்ணாடியில் மூக்கு உரச, அட்டையை அளந்தாள். அவளுக்கு அளவுகோல் வேண்டுமா என்ன? தன் வரியின் எழுத்து, கீழே இருந்ததைவிட ஒரு நூல் உயரம் அதிகம். நன்றாகப் பார்த்தாள். ஆமாம், ஒரு நூல்.

"அக்கா, வாங்க! அத்தை கூப்பிடுறாங்க!" என்று கிலுகிலுப்பை கத்தினாள்.

"வரேன், வரேன்" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை அளந்துவிட்டுத்தான் பெட்டி நகர்ந்தாள்.